கழித்துக் காட்டாதே!

உங்கள் செல்போனைக் கொஞ்சம் கொடுங்களேன். லாக்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பத்தே நிமிஷம். வாட்ஸ்அப்பில் ஒரு பார்வை, போட்டோக்களில் ஒரு பார்வை, போன வாரம் யார் யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினீர்கள் என்று ஒரு பார்வை. பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீங்கள்தான் ஒரு தப்பும் செய்யாதவர் ஆயிற்றே, அப்புறம் என்ன தயக்கம்?

தர மாட்டீர்கள். கேட்டால் நானும் தர மாட்டேன்.

2021-ல் பெகாசஸ் விவகாரம் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த நேரம். என் அப்பா வங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். செய்தியைப் பார்த்துக்கொண்டே, "தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம்? கேட்டா கேட்டுட்டுப் போறான்" என்றார்.

"சரிப்பா, பீரோ சாவியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"சும்மா உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டுத் தர்றேன். நீங்கதான் தப்பு பண்ணாதவராச்சே."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "போய் வேலையைப் பாருடா" என்று சொல்லிவிட்டு சேனலை மாற்றினார். அந்தப் பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களும், அம்மாவின் இரண்டு பட்டுப் புடவைகளும், கொஞ்சம் பழைய கடிதங்களும்தான் இருக்கின்றன. ஆனாலும் தர மாட்டார். அதுதான் விஷயம். மறைப்பதற்குக் குற்றம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மனுஷனுக்கு அவனுக்கே அவனுக்கென்று ஒரு பீரோ வேண்டும், அவ்வளவுதான்.

இந்த சாவித் தந்திரம் என் சொந்தச் சரக்கு இல்லை. 2014-ல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த டெட் மாநாட்டில் ஒருவர் சொன்னதை உள்ளூர்ச் சரக்காக மாற்றினேன். 'என்னிடம் மறைக்க எதுவுமில்லை' என்று யாராவது சொன்னால் அவர்களிடம் தன் மெயில் முகவரியைக் கொடுத்து, 'உங்கள் பாஸ்வேர்டுகளை எல்லாம் இதற்கு அனுப்பிவையுங்கள், நான் படித்துப் பார்த்துப் பிடித்ததை வெளியிடுகிறேன்' என்பாராம். ஒரே ஒரு ஆள்கூட அனுப்பவில்லையாம்.

அவர் பெயர் கிளென் கிரீன்வால்ட்.

எட்வர்ட் ஸ்நோடன் என்ற பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்க அரசாங்கம் உலகத்தையே ஒட்டுக்கேட்கிறது என்று 2013-ல் ஆவணங்களோடு வெளியே வந்த இளைஞர். அந்த ஆவணங்களை வாங்கி உலகத்துக்குச் சொன்ன பத்திரிகையாளர்களில் முக்கியமானவர் கிரீன்வால்ட். அந்த வருடமே அவரை வானளாவப் புகழ்ந்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். எழுதியதோடு மறந்தும் போனேன்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர் பெண் என் மேஜைக்கு வந்தார். "சார், 2013-ல கிரீன்வால்டைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். இப்பவும் அவரைப் பத்தி அதே அபிப்பிராயம்தானா?"

"ஏன்ம்மா, அதுக்கென்ன?"

"இல்ல சார், அவர் அப்புறம் டக்கர் கார்ல்சன் ஷோவுல போய் உட்கார்ந்துட்டாரே. நீங்க எழுதினதை வாபஸ் வாங்கணும்னு தோணலையா?"

பதில் சொல்லாமல் டீ சொல்லி அனுப்பினேன். பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை இது. பதில் இல்லாதபோது டீ வரும். ஆனால் கேள்வி மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன பதில் என்று உங்கள் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கப்போகிறேன். நான் பி.காம். படித்தவன். எதையும் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினால்தான் எனக்குப் புரியும்.

*

முதலில் வரவுப் பக்கம்.

கிரீன்வால்ட் அடிப்படையில் பத்திரிகையாளர் இல்லை, வக்கீல். நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் தனியாக அலுவலகம் போட்டவர். மேத்யூ ஹேல் என்கிற வெள்ளை நிறவெறிக்காரருக்காக சிவில் வழக்குகளில் வாதாடினார். கிரீன்வால்ட் யூதர், தன்பாலின ஈர்ப்பாளர். ஹேல் கூட்டம் யாரையெல்லாம் வெறுத்ததோ அந்தப் பட்டியலில் இவருக்கும் இடம் உண்டு. அப்படியும் வாதாடினார். 'எனக்குப் பிடித்தவன் பேசுவதற்கு மட்டும்தான் உரிமை என்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை' என்பது அவர் கட்சி.

2005-ல் எழுத வந்தார். ஜார்ஜ் புஷ் அரசாங்கம் கோர்ட் அனுமதி இல்லாமல் சொந்தக் குடிமக்களின் பேச்சை ஒட்டுக்கேட்டது அந்த வருடக் கடைசியில் வெளியே வந்தது. சட்டப் பிரிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி கிழித்தார். 2006-ல் வந்த தன் முதல் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டார். ஈராக் போர் தொடங்கும்போது தானும் ஜனாதிபதியை நம்பிவிட்டதாக எழுதியிருந்தார். தான் ஏமாந்ததை எழுதிவைத்துவிட்டு எழுத வந்தவர் என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. ஒபாமா வந்தபோது புஷ்ஷைத் திட்டிய பலர் கப்சிப் ஆனார்கள். இவர் ஆகவில்லை. ட்ரோன் தாக்குதல், ஒட்டுக்கேட்பு என்று அதே கோபத்தோடு எழுதினார். ஆள் மாறினாலும் அளவுகோலை மாற்றாத பத்திரிகையாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம்ம ஊரில் எண்ண ஒரு கை போதும்.

2013 மார்ச்சில் அமெரிக்க செனட்டில் ஒரு கேள்வி. கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று உளவுத்துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் கேட்டார்கள். இல்லை என்றார். தெரிந்து செய்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். ஜூன் 5-ம் தேதி 'கார்டியன்' பத்திரிகையில் கிரீன்வால்டின் செய்தி வந்தது. வெரைசான் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் அத்தனையையும் தினந்தோறும் அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும் என்கிற ரகசிய கோர்ட் உத்தரவு அப்படியே அச்சில் இருந்தது. யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம் கூப்பிட்டார் என்கிற கணக்கு முழுவதும் அதில் அடக்கம்.

'என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லையே, நம்பர்தானே' என்று தோன்றுகிறதா? ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தர் முதலில் புற்றுநோய் டாக்டருக்கும், அப்புறம் அண்ணனுக்கும், அப்புறம் இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கும் போன் செய்கிறார். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களால் சொல்லிவிட முடியாதா?

நமக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க உளவு அமைப்பு 2013 மார்ச் மாதத்தில் மட்டும் உலகம் முழுவதிலும் அள்ளியது 9,700 கோடித் தகவல் துண்டுகள். அதில் இந்தியாவிலிருந்து 630 கோடி. இரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்துக்கு அடுத்து ஐந்தாவது இடம் நமக்கு. வாஷிங்டனில் இருந்த நம் தூதரகமும் நியூயார்க்கில் இருந்த ஐ.நா. அலுவலகமும்கூடத் தப்பவில்லை. நம் சென்னையிலிருந்து வரும் 'தி ஹிந்து' பத்திரிகை 2013 செப்டம்பரில் கிரீன்வால்டுடன் சேர்ந்து இவற்றை வெளியிட்டது. நம் அரசாங்கத்திடமிருந்து பெரிய கோபம் எதுவும் வரவில்லை. இது ஒட்டுக்கேட்பே இல்லை, கம்ப்யூட்டர் ஆய்வுதான் என்கிற தோரணையில் அதற்கு முன்பே பேசிவிட்டார் அன்றைய வெளியுறவு அமைச்சர். நம் வீட்டில் புகுந்தவனுக்கு நாமே ஜாமீன் கொடுத்த கதை.

இதற்கெல்லாம் விலை கொடுத்தார் கிரீன்வால்ட். அவருடைய துணைவர் டேவிட் மிராண்டா பிரேசில்காரர். 2013 ஆகஸ்ட் 18 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானம் மாறும்போது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அவரைப் பிடித்து ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்காரவைத்துவிட்டார்கள். கையிலிருந்த கருவிகள் எல்லாம் பறிமுதல். அந்தச் சட்டப்பிரிவில் பத்திரிகை வேலைக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று பிரிட்டிஷ் அப்பீல் கோர்ட் 2016-ல் சொன்னது.

பலனும் கிடைத்தது. அமெரிக்கத் தொலைபேசி விவரங்களை மொத்தமாக அள்ளியது சட்டவிரோதம் என்று 2015 மே மாதம் அங்கே ஓர் அப்பீல் கோர்ட் சொன்னது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2014-ல், பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு 'கார்டியன்', 'வாஷிங்டன் போஸ்ட்' இரண்டுக்கும் வந்திருந்தது.

அடுத்தது பிரேசில். 2017-ல் முன்னாள் ஜனாதிபதி லூலாவுக்கு ஊழல் வழக்கில் தண்டனை கொடுத்தவர் நீதிபதி செர்ஜியோ மோரோ. லூலா ஜெயிலுக்குப் போனார், தேர்தலில் நிற்க முடியவில்லை. போல்சனாரோ ஜெயித்தார். மோரோ அவருடைய நீதி அமைச்சர் ஆனார். 2019 ஜூனில் கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டு செல்போன் உரையாடல்களை வெளியிட்டார்கள். நீதிபதியே அரசு வக்கீல்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. நடுவரே ஒரு டீமுக்குக் கோச்சாக இருந்த கதை. கிரீன்வால்ட் ஜெயிலுக்குப் போக நேரலாம் என்று போல்சனாரோ வெளிப்படையாகவே பேசினார். கொலை மிரட்டல்கள் வந்தன. 2020 ஜனவரியில் அவர் மேல் குற்றச்சாட்டுப் பதிவானது. அடுத்த மாதம் நீதிபதி அதை ஏற்க மறுத்தார். 2021 மார்ச்சில் லூலா மீதான தண்டனைகள் ரத்தாயின. மோரோ பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

மாற்று நாட்டில், குழந்தைகளை வைத்துக்கொண்டு, நாட்டின் ஜனாதிபதியே மிரட்டும்போது மூட்டை கட்டாமல் உட்கார்ந்து எழுதினார். சொல்லுங்கள், நீங்களும் நானும் எழுதியிருப்போமா?

*

இப்போது பற்றுப் பக்கம். இதுவும் சின்னப் பக்கம் இல்லை.

முதல் விஷயம் கொஞ்சம் சிரிப்பு. 2012 டிசம்பரில் ஸ்நோடன் பெயர் சொல்லாமல் கிரீன்வால்டுக்கு மெயில் போட்டார். 'முக்கியமான விஷயம் இருக்கிறது, முதலில் உங்கள் மெயிலுக்கு ரகசியப் பூட்டு போட்டுக்கொள்ளுங்கள்' என்றார். இவர் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். பாவம் அந்த மனுஷன், எப்படிப் போடுவது என்று விளக்கி ஒரு வீடியோவே தயாரித்து அனுப்பினார். அப்படியும் நடக்கவில்லை. வெறுத்துப்போன ஸ்நோடன், லாரா பாய்ட்ராஸ் என்கிற ஆவணப்பட இயக்குநரைத் தேடிப் போனார். அவர் மூலமாகத்தான் விஷயம் சுற்றி வளைத்து மறுபடி கிரீன்வால்டிடம் வந்தது. ஊருக்கெல்லாம் ரகசியம் காப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தவர் தன் வீட்டுக்குப் பூட்டு வாங்கச் சோம்பல்பட்டார். இதைத் தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார் என்பதால் மன்னித்துவிடலாம்.

அடுத்ததை அவ்வளவு சுலபமாக விட முடியாது. கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் உளவு அமைப்பு நேரடியாகவே நுழைகிறது என்கிற தொனியில்தான் 'பிரிஸம்' செய்தி முதலில் வந்தது. ஆவணத்தில் அப்படி ஒரு வாக்கியம் இருந்தது வாஸ்தவம். நிறுவனங்கள் மறுத்தன. குறிப்பிட்ட கணக்குகளைக் கேட்டுச் சட்டப்படி உத்தரவு போகும், நிறுவனங்கள் அவற்றை எடுத்துக் கொடுக்கும் என்பதுதான் பிறகு தெளிவான நடைமுறை. அதுவும் கவலைக்குரியதுதான். ஆனால் கதவை உடைப்பதும் கதவைத் தட்டிக் கேட்பதும் ஒன்றல்ல.

2013 நவம்பரில் நார்வே பத்திரிகை ஒன்றில் கிரீன்வால்டும் சேர்ந்து எழுதிய செய்தி. நார்வேயில் 3 கோடியே 30 லட்சம் அழைப்புகளை அமெரிக்கா அள்ளிவிட்டது என்றது. அன்றைக்கே நார்வே ராணுவ உளவுத்துறைத் தலைவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, 'அது நாங்களே ஆப்கானிஸ்தான் போன்ற போர்ப் பகுதிகளில் சேகரித்து அமெரிக்காவுக்குக் கொடுத்தது' என்றார். கதையின் தலையே திரும்பிவிட்டது. 'அவசரப்பட்டுவிட்டோம்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். கிரீன்வால்ட் வாதாடிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அது வக்கீல் தர்மம். கட்சிக்காரனுக்காகக் கடைசிவரை வாதாட வேண்டும். பத்திரிகையில் கட்சிக்காரன் என்று யாரும் கிடையாது. அவரிடம் எனக்குப் படுகிற பெரிய குறையே இதுதான். பேனாவைப் பிடித்த பிறகும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. எதிர்த்துப் பேசுகிறவன் தவறாக நினைக்கிறான் என்று சொல்ல அவருக்கு வராது. அவன் விலைபோனவன், அதிகாரத்தின் எடுபிடி என்றுதான் வரும்.

2014-ல் ஒமிட்யார் என்கிற கோடீஸ்வரரின் பணத்தில் பாய்ட்ராஸோடும் இன்னொரு பத்திரிகையாளரோடும் சேர்ந்து 'இன்டர்செப்ட்' என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். 2020 அக்டோபரில் அங்கிருந்து ராஜினாமா. ஜோ பைடனைப் பற்றியும் அவர் மகனின் லேப்டாப் பற்றியும் தான் எழுதிய கட்டுரையைத் தணிக்கை செய்கிறார்கள் என்றார் இவர். ஆதாரம் இல்லாத பகுதிகளைத்தான் எடுக்கச் சொன்னோம் என்றார்கள் ஆசிரியர்கள். அந்த லேப்டாப் மெயில்களில் பல உண்மையானவைதான் என்று பெரிய பத்திரிகைகள் 2022-ல் உறுதி செய்தன. அந்த அளவுக்கு இவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரும் கழுத்தைப் பிடிக்கும் அரசாங்கமும் ஒன்றா? என் கட்டுரையில் ஆசிரியர் கைவைக்காத வாரமே கிடையாது. வாராவாரம் நான் ராஜினாமா செய்திருந்தால் என் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியிருக்க முடியாது.

அப்புறம்தான் எங்கள் அலுவலகப் பெண் கேட்ட டக்கர் கார்ல்சன். ஃபாக்ஸ் டி.வி.யில் 2023 ஏப்ரல் வரை கொடிகட்டிப் பறந்தவர். குடியேறிகள் மேல் வெறுப்பை வளர்க்கிறார் என்று கடுமையாக விமர்சிக்கப்பட்டவர். அந்த நிகழ்ச்சியில் கிரீன்வால்ட் அடிக்கடி தோன்றினார். மற்ற சேனல்கள் கதவைச் சாத்திவிட்டன, திறந்திருக்கும் கதவு வழியாகப் போய்ப் பேசுகிறேன் என்பது அவர் வாதம். போகட்டும், எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்பதல்ல என் கவலை. உலகத்தில் உள்ள அத்தனை டி.வி.க்காரர்களையும் குறுக்குக் கேள்வி கேட்டவருக்கு அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் கூர்மை மழுங்கிவிட்டது என்பதுதான் அவருடைய பழைய நண்பர்களின் புகார். பார்த்தவரை எனக்கும் அப்படித்தான் பட்டது. அதற்காக விலைபோய்விட்டார் என்று அவர் பாணியிலேயே நான் சொல்லமாட்டேன். 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீனத்துக்காகப் போராடிய மஹ்மூத் கலீலை டிரம்ப் அரசாங்கம் பிடித்து நாடு கடத்தப் பார்த்தபோது, அதே கிரீன்வால்ட் அதை உரக்கக் கண்டித்தார். அவருடைய புதிய வலதுசாரி ரசிகர்களில் பலருக்கு அது ருசித்திருக்காது.

*

இதுவரை எழுதியது மற்றவர் கணக்கு. எழுதுவது சுலபம். இனிமேல்தான் எனக்குக் கை கூசுகிறது.

ரியாலிட்டி வின்னர் என்று ஒரு பெண். 25 வயது. அமெரிக்க உளவு அமைப்புக்காக ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. 2017-ல் ஒரு ரகசிய அறிக்கையை பிரின்ட் எடுத்துத் தபாலில் 'இன்டர்செப்ட்'டுக்கு அனுப்பினார். அது உண்மையா என்று சரிபார்க்க அங்கிருந்த செய்தியாளர்கள் ஆவணத்தின் நகலை அரசாங்கத்திடமே காட்டினார்கள். தாளில் மடித்த தடம் தெரிந்தது. அப்படியென்றால் யாரோ பிரின்ட் எடுத்து வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். பிரின்ட் எடுத்தவர்கள் மொத்தமே ஆறு பேர். செய்தி வெளிவரும் முன்பே அந்தப் பெண் கைதாகிவிட்டார். ஐந்து வருடம் மூன்று மாதம் தண்டனை. தங்கள் நடைமுறையில் குறை இருந்ததை நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. கிரீன்வால்ட் என்ன சொன்னார்? அந்தச் செய்தியில் தனக்குப் பங்கே இல்லை என்றார். அது உண்மைதான். ஆனால் ரகசியம் சொல்ல வருகிறவர்கள் அவர் பெயரை நம்பித்தான் அந்த வாசலுக்கு வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருக்கிறது.

எனக்கு 24 வயது. திருச்சியில் ஒரு சின்னப் பத்திரிகையில் நிருபர். ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர் எனக்குப் பழக்கம். என்னைவிட இருபது வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில், நாளிதழுக்குள் மடித்து வைத்து நாலு ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்தார். ஒரு கொள்முதலில் பணம் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அப்பட்டமான சாட்சி.

நான் எழுதினேன். பிரமாதமாக வந்தது. ஜெராக்ஸ் தாளையும் படமாகப் போட்டோம். அந்தத் தாளின் மேல் மூலையில் பேனாவால் எழுதிய ஒரு பக்க எண் இருந்தது. அந்த ஃபைலுக்குப் பக்க எண் போடுவது அண்ணனுடைய வேலை. அவருடைய 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். அந்த அலுவலகத்தில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். மூல ஃபைலில் இருந்த தாளில் வேறு எண். நகல் எடுத்து வரிசைப்படுத்த அவர் தனியாகப் போட்ட எண் அது. படம் வந்த அன்றே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

கொள்முதல் ரத்தானது. எனக்குப் பாராட்டு கிடைத்தது. இரண்டே வாரத்தில் அவருக்கு மாநிலத்தின் மறுகோடிக்கு டிரான்ஸ்ஃபர் கிடைத்தது. மகள் அப்போது பிளஸ் டூ. குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போனார். போவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தார். கோபப்படவில்லை. "நியூஸ் நல்லா வந்துச்சு தம்பி" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த ஜெராக்ஸைப் போட்டது லேஅவுட்காரங்கண்ணே. எனக்குத் தெரியாமப் போட்டுட்டாங்க."

எனக்குப் பங்கே இல்லை. புரிகிறதா? கண்டம் விட்டுக் கண்டம், மொழி விட்டு மொழி, ஒரே வாக்கியம்.

*

காலேஜில் முதல் வருடம் எங்களுக்குக் கணக்குப் பதிவியல் எடுத்த பேராசிரியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பேலன்ஸ் ஷீட் போடும்போது, ஒரு பக்கம் வர வேண்டியது பத்தாயிரம், மறுபக்கம் தர வேண்டியது எட்டாயிரம் என்றிருந்தால், புத்திசாலித்தனமாக இரண்டையும் கழித்து 'மிச்சம் இரண்டாயிரம்' என்று எழுதிவிடுவோம். தாளை வீசி எறிவார். "கழித்துக் காட்டாதே! வர வேண்டியது ராமன்கிட்ட இருந்து. தர வேண்டியது கிருஷ்ணனுக்கு. நீ கழிச்சுட்டா கிருஷ்ணன் எங்கடா போவான்?"

அன்றைக்கு மார்க்குக்காகத் தெரிந்துகொண்டேன். இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது நாம் இதைத்தான் செய்கிறோம். நல்லதையும் கெட்டதையும் கழித்து, மிச்சம் என்ன என்று கேட்கிறோம். மிச்சம் நல்லதாக வந்தால் மாலை போடுகிறோம், இல்லாவிட்டால் படத்தைக் கழற்றுகிறோம். லூலா வழக்கில் கிரீன்வால்ட் வெளியே கொண்டுவந்த உண்மை, பிரேசில் மக்களுக்குக் கிடைத்த வரவு. அது அப்படியே நிற்கும். டக்கர் கார்ல்சனின் நாற்காலி அதில் ஒரு பைசா குறைக்காது. அதே மாதிரி, நார்வே வாசகனுக்குச் சொல்ல வேண்டிய திருத்தம் கடனாகவே நிற்கும். புலிட்சர் அதை அடைக்காது. ஜெயிலுக்குப் போன பெண்ணுக்கு, உலகம் முழுக்க ஒட்டுக்கேட்பு குறைந்தது என்று சொல்லி எந்தக் கடனைத் தீர்ப்பீர்கள்?

எங்கள் அலுவலகப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். "வாபஸ் வாங்க மாட்டேம்மா. ஆனா மறுபக்கத்தையும் எழுதுவேன். 2013-ல ஒரு பக்கத்தை மட்டும் எழுதினது என் தப்பு."

அவர் விடவில்லை. "சார், அப்ப உங்க கணக்கு?"

டீ சொல்லவில்லை இந்த முறை. அன்று மாலை, இரண்டு மூன்று பேரைக் கேட்டு அண்ணனின் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டேன். ரிட்டையர் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. குரலில் நடுக்கம். என் பெயரைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். பேரன், பேத்தி என்று எல்லாம் சொன்னார். நான் திக்கித் திணறி விஷயத்துக்கு வந்தேன். "அண்ணே, அந்த ஜெராக்ஸ்... லேஅவுட்காரங்க இல்லண்ணே. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமில்லை.

"தெரியும் தம்பி" என்றார். "அந்த லேஅவுட் பையன் அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டான். நீங்களா ஒரு நாள் சொல்வீங்கன்னு இருந்தேன்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. திருச்சிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றிருக்கிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக இந்த நுழைவு என் புத்தகத்தில் இல்லாமலே இருந்தது. இன்றைக்கு எழுதிவிட்டேன், பற்றுப் பக்கத்தில். இதற்கு எதிராக எதையும் கழிக்கப்போவதில்லை.